நால்வர் தூக்கிய படுக்கை
(வானொலி மறையுரை)



மாற்கு நற்செய்தி 2ஆம் பிரிவின் தொடக்கத்தில் வரும் நிகழ்ச்சி உங்களுக்குத் தெரிந்ததுதான். இயேசு கப்பர்நாகூமில் ஒரு வீட்டில் போதித்துக்கொண்டிருக்கிறார். வாசலை அடைத்துக்கொண்டு கூட்டம். முடக்குவாதமுற்ற ஒருவரை நான்கு பேர் படுக்கையோடு தூக்கி வருகிறார்கள். உள்ளே நுழைய வழியில்லை. உடனே கூரைமேல் ஏறி, அதைப் பிரித்து, படுக்கையை இறக்கிவிடுகிறார்கள். அந்நாளைய பாலஸ்தீன நாட்டு வீடுகளின் கூரை, மரச்சட்டங்களின்மேல் கிளைகளையும் நாணலையும் பரப்பி மண் பூசியது. பிரிக்கும்போது கீழே இருந்தவர்கள் தலையில் மண் கொட்டியிருக்கும். வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்று மாற்கு எழுதவில்லை. எனக்கு அதைத் தெரிந்துகொள்ள ஆசைதான்.

இந்த நிகழ்ச்சியில் நோயாளி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. இயேசு யாருடைய நம்பிக்கையைக் கண்டார்? அவர்களுடைய நம்பிக்கையை என்கிறார் நற்செய்தியாளர். பன்மையில் சொல்கிறார். தூக்கி வந்தவர்களின் நம்பிக்கையும் அதில் அடங்கும். கூரையின் ஓட்டை வழியாகக் கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நால்வரைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். அவர்களைப் பற்றி நான் அதிகமாக யோசிக்கத் தொடங்கியது ஒரு நீண்ட சைக்கிள் பயணத்தில்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சில ஆண்டுகள் பங்குப்பணி செய்தேன். அங்கே ஒவ்வோர் ஆகஸ்ட் மாதமும் முதல் வார இறுதியில் 'பான்-மாஸ் சேலஞ்ச்' என்ற சைக்கிள் பயணம் நடக்கிறது. இந்த 'மாஸ்' மாசசூசெட்ஸ் என்பதன் சுருக்கம். நம் இளைஞர்கள் திரையரங்கில் கூச்சலிடும் 'மாஸ்' என்று நினைத்துவிடாதீர்கள். மாநிலத்தின் நடுப்பகுதியில் இருக்கும் ஸ்டர்பிரிட்ஜ் என்ற சிற்றூரிலிருந்து, கடலுக்குள் வளைந்து நீளும் கேப் காட் தீபகற்பத்தின் நுனியில் உள்ள பிராவின்ஸ்டவுன் வரை ஏறக்குறைய 300 கிலோமீட்டர். இரண்டு நாள்கள். பாஸ்டன் நகரிலுள்ள டேனா-ஃபார்பர் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்துக்குப் பணம் திரட்டுவதற்காக ஓட்டுகிறார்கள்.

இதைத் தொடங்கியவர் பில்லி ஸ்டார். அவருடைய தாய் 1974-இல் தோல் புற்றுநோயால் இறந்தார். 1980-இல் நண்பர்களும் மற்றவர்களுமாக 36 பேரைச் சேர்த்துக்கொண்டு சைக்கிளில் மாநிலத்தைக் கடந்தார். அந்த முதல் ஆண்டில் கிடைத்தது 10,200 டாலர். இன்று 6,000 பேருக்கு மேல் ஓட்டுகிறார்கள். இதுவரை திரண்ட தொகை 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. 2007 முதல், ஓட்டுபவர்கள் திரட்டும் பணம் ஒரு டாலர்கூடக் குறையாமல் அந்த நிறுவனத்துக்கே போகிறது. நடத்தும் செலவை வேறு வழிகளில் பார்த்துக்கொள்கிறார்கள்.

எங்கள் பங்கிலிருந்து போனவர்களும் நான்கு பேர்தான். ஒருவர் பிளம்பர். இன்னொருவர் பள்ளிப் பேருந்து ஓட்டும் ஒரு பெண்மணி. மூன்றாமவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். நான்காவது நான், நால்வரில் மெதுவாக ஓட்டுபவன்.

சைக்கிளை மிதிப்பது கடினம்தான். ஆனால், கேட்பது அதைவிடக் கடினம். ஒவ்வொருவரும் இவ்வளவு திரட்டித் தர வேண்டும் என்று ஒரு தொகை உண்டு, சில ஆயிரம் டாலர்கள். குறைந்தால் மிச்சத்தை ஓட்டுபவரின் கடன் அட்டையிலிருந்தே எடுத்துக்கொள்வார்கள். ஆகவே பிப்ரவரி மாதத்திலிருந்தே கேட்கத் தொடங்க வேண்டும். அந்தப் பிளம்பர் குழாய் சரிசெய்யப் போன வீடுகளிலெல்லாம் கேட்டார். பேருந்து ஓட்டும் அம்மா கேக் சுட்டு, ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கோயில் மண்டபத்தில் விற்றார். நானும் கேட்டேன். சாமியாருக்குக் கேட்டுப் பழக்கம்தானே என்பீர்கள். கோயில் கூரைக்குக் கேட்பது வேறு. ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்து, நான் சைக்கிள் ஓட்டப்போகிறேன், நீங்கள் பணம் தாருங்கள் என்று கேட்பது வேறு. அப்போதுதான் திருத்தூதர் பவுலின்மேல் எனக்குப் புதிய மரியாதை வந்தது. எருசலேமிலிருந்த ஏழைக் கிறிஸ்தவர்களுக்காக அவர் ஊர் ஊராகத் தண்டல் செய்தார். கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் கடைசிப் பிரிவில், வாரத்தின் முதல் நாள்தோறும் ஒவ்வொருவரும் கொஞ்சம் எடுத்து வைக்க வேண்டும் என்று ஒழுங்குமுறையே சொல்கிறார். இரண்டாம் திருமுகத்தில் முழுதாக இரண்டு பிரிவுகள் இதைப் பற்றித்தான். சில இடங்களில் கெஞ்சுகிறார், சில இடங்களில் கொஞ்சம் குத்தியும் காட்டுகிறார். நிதி திரட்டியவர்களுக்கு அந்த வரிகளில் வீசும் வியர்வை வாசம் தெரியும்.

சிலர் என்னிடம் கேட்டதுண்டு: "ஃபாதர், எதற்கு இந்தச் சைக்கிள்? பணத்தை நேராகக் கொடுத்துவிட்டால் போதாதா?" நியாயமான கேள்வி. வலக்கை செய்வதை இடக்கை அறிய வேண்டாம் என்ற ஆண்டவரின் போதனையையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். வண்ணச் சட்டை போட்டுக்கொண்டு 6,000 பேர் சாலையில் போவது எக்காளம் ஊதுவதுபோல் இல்லையா? விளம்பரத்துக்காக வருபவர்களும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள் என்பது என் எண்ணம். ஆனால், பலருடைய சைக்கிளிலும் சட்டை முதுகிலும் எழுதியிருக்கும் பெயர்களைப் பார்த்தேன். அவை கொடுத்தவர்களின் பெயர்கள் அல்ல. நோயுற்றவர்களின் பெயர்கள், இறந்தவர்களின் பெயர்கள். சாலையோரம் புல்வெளியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் வயதானவர்கள், மணியடித்து ஆரவாரம் செய்யும் குழந்தைகள். இத்தனை ஆண்டுகளாக உயிரோடிருக்கிறேன் என்று அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களும் உண்டு. ஒரு தண்ணீர் நிறுத்தத்துக்கு முன்னால் சிகிச்சை பெறும் பிள்ளைகளின் படங்களை வரிசையாக நட்டு வைத்திருந்தார்கள். அதுவரை சளசளவென்று பேசிக்கொண்டு வந்த கூட்டம் அங்கே தானாகவே அமைதியாகிவிட்டது. சக்கரங்களின் ஓசை மட்டும் கேட்டது. காசோலையை அஞ்சலில் அனுப்பியிருந்தால் அந்தப் படங்களை நான் பார்த்திருக்க மாட்டேன்.

அந்த நிறுவனத்தின் கதையிலும் வானொலிக்கு ஒரு பங்கு உண்டு. வானொலி நேயர்களான உங்களுக்கு அதைச் சொல்லியே ஆக வேண்டும். 1947 வரை இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைக்கு மருந்தே கிடையாது. வாரங்களிலோ மாதங்களிலோ இறந்துவிடும். பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் 16 குழந்தைகளுக்கு ஒரு புதிய மருந்தைக் கொடுத்தார். 10 பேருக்கு நோய் சில காலம் தணிந்தது. 1948 ஜூனில் அதை வெளியிட்டார். அந்த மருந்தை உருவாக்கிய குழுவுக்குத் தலைவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். ஆந்திராவின் பீமாவரத்தில் பிறந்து, நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். நண்பர்களும் மாமனாரும் ஓர் அறக்கட்டளையும் சேர்த்துக் கொடுத்த பணத்தில் 1920களில் பாஸ்டனுக்குக் கப்பல் ஏறியவர். யாரோ திரட்டிக் கொடுத்த பணம், பாருங்கள். அவர் 1948 ஆகஸ்டில் இறந்துபோனார்.

அதே 1948 மே மாதம் 22ஆம் நாள், ஃபார்பரிடம் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த 12 வயதுச் சிறுவனின் மருத்துவமனை அறையிலிருந்து நாடு முழுவதற்கும் வானொலி ஒலிபரப்பு நடந்தது. அவன் பெயரை மறைத்து 'ஜிம்மி' என்று அழைத்தார்கள். அவனுக்குப் பிடித்த பேஸ்பால் அணியின் வீரர்கள் ஒவ்வொருவராக அறைக்குள் வந்தார்கள். பேஸ்பால் பார்க்க அவனுக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வேண்டும், ஆராய்ச்சிக்கு 20,000 டாலர் வேண்டும் என்று நேயர்களிடம் கேட்டார்கள். வந்தது 2,00,000 டாலருக்கு மேல். 'ஜிம்மி' இறந்துவிட்டான் என்றே பலர் எண்ணியிருந்தார்கள். 50 ஆண்டுகள் கழித்து, 1998-இல், எய்னர் கஸ்டாஃப்சன் என்பவர் தான்தான் அந்தச் சிறுவன் என்று வெளிப்பட்டார். பிழைத்து வளர்ந்து, டிரக் ஓட்டி, குடும்பத்தோடு வாழ்ந்திருக்கிறார்.

நம் ஊரிலும் இப்படித்தான் நடந்தது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, பலரிடமும் கேட்டுக் கேட்டுத்தான் 1954-இல் அடையாறில் 12 படுக்கைகளோடு மருத்துவமனையைத் திறந்தார்.

இன்று வசதியுள்ள நாடுகளில் குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் இரத்தப் புற்றுநோய் வகையில் 10 பேரில் ஏறக்குறைய 9 பேர் பிழைத்துக்கொள்கிறார்கள். இதைக் கேட்டால் நாம் கைதட்டுவோம். எங்கள் நால்வரில் ஒருவர் கைதட்ட மாட்டார். அந்தப் பிளம்பரின் மகன் பத்தாவது பிள்ளை. அதே நோய், நல்ல மருத்துவமனை, மூன்று ஆண்டுச் சிகிச்சை. ஒன்பது வயதில் இறந்துபோனான். அடக்கத் திருப்பலியை நான்தான் நிறைவேற்றினேன். அதற்குப் பதினொரு மாதங்கள் கழித்து அவர் எங்களோடு ஓட்ட வந்தார். சைக்கிளின் ஹேண்டில்பாரில் ஒரு சிறிய அட்டை, அதில் மகனின் பெயர், மகனே எழுதியது. பள்ளி நோட்டிலிருந்து வெட்டியெடுத்து, நனையாமலிருக்க பிளாஸ்டிக் ஒட்டியிருந்தார்.

முதல் நாள் விடியும் முன்பே புறப்பட்டோம். ஏற்ற இறக்கமான கிராமச் சாலைகள், கற்களை அடுக்கிக் கட்டிய பழைய வேலிகள், சோளக் கொல்லைகள், வெள்ளையடித்த மரக் கோயில்கள். பிற்பகலில் கிரான்பெரி என்ற சிவப்புப் பழம் விளையும் சதுப்பு வயல்கள். ஏறக்குறைய 175 கிலோமீட்டர் கடந்து, போர்ன் என்ற ஊரில் கடல்சார் கல்லூரி வளாகத்தில் இரவு தங்கினோம். அங்கே ஓர் அறையில் எழுதும் மேசையின்மேல் நாங்கள் நால்வரும் ஞாயிறு திருவிழிப்புத் திருப்பலி ஒப்புக்கொடுத்தோம். விசுவாசிகள் மன்றாட்டில் அவரவர் கொண்டுவந்த பெயர்களைச் சொன்னார்கள். அவர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை கால்வாயின்மேல் உயர்ந்து நிற்கும் பாலத்தைக் கடந்தோம். அந்தப் பாலத்தில் ஓர் அறிவிப்புப் பலகை உண்டு. வாழ்க்கை வெறுத்து அங்கே வந்து நிற்பவர்கள் தங்களை அழைக்கும்படி 'சமாரியர்' என்ற தன்னார்வ அமைப்பு வைத்தது. எல்லாரும் அதைப் படித்துக்கொண்டே கடக்கிறார்கள். பாலம் இறங்கியதும் எதிர்காற்று.

சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு மேட்டைவிடக் காற்றுதான் எதிரி. மேடு முடிந்துவிடும், காற்று முடியாது. அதனால் கூட்டமாகப் போகிறவர்கள் ஒருவர் பின்னால் ஒருவராக ஒட்டிப் போவார்கள். முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்வார். பின்னால் வருபவருக்கு உழைப்பில் கால் பங்காவது மிச்சமாகும். சிறிது நேரம் கழித்து முன்னவர் விலகிக் கடைசிக்குப் போக, அடுத்தவர் முன்னால் வருவார். சாலையில் பள்ளம் இருந்தால் முன்னவர் கையால் காட்ட வேண்டும், கண்ணாடித் துண்டு கிடந்தால் குரல் கொடுக்க வேண்டும். பின்னால் வருபவருக்கு முன்சக்கரத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது. முழுக்க நம்பித்தான் வர வேண்டும். ஆனால், எவ்வளவு ஒட்டிப் போனாலும் பின்னவருக்காக முன்னவர் மிதிக்க முடியாது. அவரவர் மிதியை அவரவர்தான் மிதிக்க வேண்டும்.

பவுலடியார் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தின் 6ஆம் பிரிவில், 2ஆம் வசனத்தில் ஒருவர் சுமையை ஒருவர் தாங்கச் சொல்கிறார். மூன்றே வசனம் தள்ளி, 5ஆம் வசனத்தில், அவரவர் சுமையை அவரவர்தான் சுமக்க வேண்டும் என்கிறார். குருமடத்தில் படிக்கும்போது இது எனக்கு முரணாகத் தோன்றியது. கிரேக்க மூலத்தில் இரண்டு வெவ்வேறு சொற்கள். முதல் சொல் 'பாரோஸ்', அமுக்கும் பளு. இரண்டாவது 'போர்த்தியோன்', ஒருவர் தம் முதுகில் தாமே கொண்டுபோகும் மூட்டைக்கும் கப்பல் ஏற்றிச் செல்லும் சரக்குக்கும் வழங்கிய சொல். அறிஞர்கள் இதைப் பற்றி நிறைய விவாதிக்கிறார்கள். எனக்கு அந்த எதிர்காற்றில் பவுல் சொன்னது போதுமான அளவு விளங்கியது.

அந்தச் சாலையில் ஒரு நீண்ட மேட்டில் நானும் பிளம்பரும் பக்கத்தில் பக்கத்தில் வந்தோம். மற்ற இருவரும் முன்னே போய்விட்டார்கள். அவர் என்னைப் பார்க்காமலே பேசினார்: "ஃபாதர், அந்த நாலு பேர் கூரையைப் பிரிச்சாங்க, அவங்க நண்பன் எழுந்து நடந்தான். நாங்களும்தான் கூரையைப் பிரிச்சோம். ஊரே பிரிச்சது. எங்க பையன் ஏன் எழுந்திருக்கலை?"

குருவானவராக இருப்பவர்கள் இந்தக் கேள்வியைப் பலமுறை கேட்டிருப்பார்கள். ஆயத்தமான பதில்களும் நிறைய உண்டு. உங்கள் மகனால் மருத்துவர்கள் கற்றுக்கொண்டது மற்றப் பிள்ளைகளைக் காப்பாற்றும் என்பது ஒன்று. உண்மைதான். ஃபார்பரின் அந்த முதல் குழந்தைகளுக்குக் கிடைத்ததும் தற்காலிகத் தணிவுதான். அந்தத் தணிவிலிருந்துதான் இன்றைய சிகிச்சை வளர்ந்தது. ஆனால், அதை ஒரு தகப்பனிடம் ஆறுதலாகச் சொல்லக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அவரே எனக்கு ஒருமுறை சொல்லியிருக்கிறார், என் மகன் யாருக்கும் படிக்கட்டாகப் பிறக்கவில்லை என்று. கடவுள் நல்ல பூக்களைத்தான் முதலில் பறிப்பார் என்று நம் ஊர்த் துக்க வீடுகளில் சொல்கிறோமே, அதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

அன்று நான் பதில் சொல்லவில்லை. கொஞ்சம் வேகமாக மிதித்து அவருக்கு முன்னால் போனேன். நால்வரில் மெதுவானவன் என்று சொன்னேனல்லவா. மேட்டின் உச்சிவரை மூச்சு வாங்க மிதித்தேன். அவர் என் பின்சக்கரத்தை ஒட்டி வந்தார். திரும்பிப் பார்க்கவில்லை, அழுகிறார் என்பது தெரிந்தது. உச்சியில் அவர் விலகி முன்னால் வந்தார். பிறகு ட்ரூரோவின் மணல்மேடுகள்வரை அவர்தான் எனக்குக் காற்றை மறைத்துக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு மாற்குவின் அந்தப் பகுதியைத் திரும்பப் படிக்கும்போது ஓர் இடத்தில் நின்றுவிடுகிறேன். இயேசு முதலில் எழுந்து நட என்று சொல்லவில்லை. மகனே என்று அழைக்கிறார், பாவங்களை மன்னிக்கிறார். அத்தோடு பேச்சு மறைநூல் அறிஞர்கள் பக்கம் திரும்பிவிடுகிறது. வாக்குவாதம் நடக்கிறது. அவ்வளவு நேரமும் அந்த மனிதர் படுக்கையில்தான் கிடக்கிறார். மேலே நால்வரும் கயிற்றைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் நடப்பாரா மாட்டாரா என்பது அவர்களுக்குத் தெரியாது. அவர்களுடைய நம்பிக்கையை ஆண்டவர் கண்டது அவர் நடப்பதற்கு முன்பு. என் நண்பர் இன்னும் அந்தக் கூரையின்மேல்தான் இருக்கிறார். அவரைக் கீழே இறங்கி வா என்று சொல்ல எனக்கு அதிகாரமில்லை, கூட இருக்க மட்டும் முடியும்.

பிராவின்ஸ்டவுனில் கூட்டம், இசை, சாப்பாடு. அவர் ஹேண்டில்பாரிலிருந்து அட்டையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். பாஸ்டனுக்குத் திரும்பும் படகில் நாங்கள் நால்வரும் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனோம்.

நான் தமிழ்நாட்டுக்குத் திரும்பிய பிறகும் அவர் ஆண்டுதோறும் ஓட்டுகிறார். ஜூலையில் செய்தி அனுப்பி, உங்கள் பக்கம் யாருடைய பெயரையாவது தூக்கிப் போகட்டுமா என்று கேட்பார். போன ஆண்டு நம் மறைமாவட்டத்தைச் சேர்ந்த ஒரு சிறுமியின் பெயரை அனுப்பினேன். சென்னையில் சிகிச்சை பெறுகிறாள். ஆங்கிலத்தில் அனுப்பியது அவருக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள், அவள் எழுத்தில், என்றார். அவள் தமிழில் எழுதினாள். படம் எடுத்து அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: இதில் எது மேல்பக்கம்?